ஏழுமலையான் அடிவாரத்தில் ஒரு கடன் கணக்கு

உலகத்திலேயே மிகப் பிரபலமான கடன் திருமலையில் இருக்கிறது. பத்மாவதியைக் கைப்பிடிக்கக் கல்யாணச் செலவுக்காக சீனிவாசன் குபேரனிடம் வாங்கியது. கலியுகம் முடியும்வரை வட்டி கட்டுவதாக ஒப்பந்தம் என்பது ஐதீகம். தெலுங்குக்காரர்கள் அவரை 'வட்டிகாசுலவாடு' என்று செல்லமாக அழைப்பதும் அதனால்தான். உண்டியலில் பக்தர்கள் போடுவது அந்த வட்டிக் கணக்கில்தான் வரவு வைக்கப்படுகிறது. ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் விழுகிறது. 'பரகாமணி' என்ற எண்ணும் கூடத்தில், பாக்கெட் இல்லாத வேட்டி கட்டியவர்கள் காமிராக்களின் கண்காணிப்பில் உட்கார்ந்து அதை எண்ணுகிறார்கள். இத்தனை கறாராக எண்ணப்படும் இந்தக் கடனால் யாருக்கு என்ன பலன் என்று எவரும் கேட்பதில்லை. அது பக்தி.

மலையிலிருந்து இறங்கினால் அந்தச் சலுகை கிடையாது. கடந்த முப்பது ஆண்டுகளாக சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஏழைகளுக்குக் கடன் கொடுத்தவர்கள் ஏராளம். அரசாங்கம், உலக வங்கி, அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனி, பங்குச் சந்தையில் பணம் திரட்டிய நிதி நிறுவனங்கள் என்று வரிசை நீளுகிறது. எல்லோரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றே: ஏழையும் முன்னுக்கு வரலாம், பணம் போட்டவருக்கும் நஷ்டம் இல்லை. இதற்கு இன்று வழங்கும் 'இம்பாக்ட் முதலீடு' என்ற பெயர் 2007-ல் இத்தாலியில் ராக்கஃபெல்லர் அறக்கட்டளை கூட்டிய ஒரு கூட்டத்தில் பிறந்தது. சித்தூரில் பெயருக்கு முன்பே விஷயம் வந்துவிட்டது.

தமிழர்களுக்கு இது அந்நிய பூமி அல்ல. பழைய சென்னை மாகாணத்தில் 1911-ல் உருவான மாவட்டம் சித்தூர். மொழிவாரிப் பிரிவினையில் ஆந்திராவுக்குப் போனது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1960-ல் திருத்தணி மட்டும் தமிழகத்துக்குத் திரும்பியது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் இன்றும் கடைத்தெருவில் தமிழிலேயே பேரம் பேசலாம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோயிலைச் சுற்றிப் பணம் புழங்கினாலும் மேற்கே போகப் போக வறண்ட பூமி. மழையை நம்பிய நிலக்கடலை, மாந்தோப்புகள், ஆழம் கூடிக்கொண்டே போகும் போர்வெல்கள். மழை பொய்த்தால் குடும்பத்தைக் காப்பாற்றுவது மாடு.

ஆகவே பாலிலிருந்து தொடங்குவதே நியாயம். விடிவதற்குள் தூக்குவாளியோடு பெண்கள் பால் சேகரிப்பு மையத்தில் வரிசை கட்டுகிறார்கள். கொஞ்சம் பால் எடுத்து மெஷினில் வைத்தால் கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு என்று எண் விழும். அந்த எண்ணுக்குத் தகுந்த விலை. சாயங்காலம் மறுபடியும் இதே சடங்கு. மாடு வாங்கக் கடன் தந்தவருக்கும், பாலை வாங்குகிறவருக்கும் அந்தப் பெண்ணைப் பற்றிய கணக்கு தினம் இரண்டு முறை கைக்கு வந்துவிடுகிறது. தீவனம் விலை ஏறியதா, கறவை வற்றிய மாதங்களில் தவணை எப்படிக் கட்டினாள் என்று சொல்லும் மெஷின் மட்டும் எங்கும் இல்லை.

பால் விஷயத்தில் சித்தூருக்கு ஒரு கசப்பும் உண்டு. பேர் பெற்றிருந்த சித்தூர் கூட்டுறவு பால் பண்ணை 2002-ல் இழுத்து மூடப்பட்டது. அதற்குப் பத்தாண்டு முன்பு, 1992-ல், இந்த மாவட்டத்துக்காரரான சந்திரபாபு நாயுடு ஹெரிடேஜ் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசாமல் இங்கே ஒரு தேர்தலும் நடப்பதில்லை. 2023 ஜூலையில் அன்றைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி, அமுலைக் கொண்டு பழைய பண்ணையை உயிர்ப்பிப்பதாகச் சொல்லி அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது. 2024 ஜூனில் தேர்தல் முடிவு வந்த சில நாட்களில் ஹெரிடேஜ் பங்கின் விலை பாதிக்கு மேல் ஏறியது. அந்த வாரம் எந்த மாடும் கூடுதலாகக் கறந்ததாகத் தகவல் இல்லை!

சித்தூரின் மேற்குக் கோடியில், ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் போகும் ரயில் நிற்கும் ஊர் குப்பம். மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் இடம். தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கும். 1989-லிருந்து சந்திரபாபு நாயுடுவின் தொகுதி. 2002 பிப்ரவரியில் இந்த ஊரை ஹ்யூலட் பேக்கர்ட் கம்பெனி தத்தெடுத்தது. 'ஐ-கம்யூனிட்டி' என்று பெயர் வைத்து மூன்றாண்டுத் திட்டம் போட்டது. கிராமங்களில் தகவல் மையங்கள், கம்ப்யூட்டர் ஏற்றிய வேன் எல்லாம் வந்தன. சுய உதவிக் குழுப் பெண்களுக்கு டிஜிட்டல் காமிராவும் சூரிய ஒளியில் சார்ஜ் ஏறும் பிரிண்டரும் கொடுத்து 'கிராமப் போட்டோகிராபர்' ஆக்கினார்கள். அடையாள அட்டைக்கும், கல்யாணம் காதுகுத்துக்கும் படம் எடுத்து அங்கேயே அச்சிட்டுக் கொடுத்து அவர்கள் சம்பாதித்தார்கள். அன்றைக்குக் கிராமத்துப் பெண் கையில் காமிரா என்பது சாதாரண விஷயமல்ல. அந்தப் பெண்களுக்குக் கிடைத்த மரியாதையை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது என்பதும் உண்மை.

ஆனால் கணக்கு எழுதப்பட்டது, மிக வேகமாக. 2003 ஆகஸ்டில், திட்டம் தொடங்கிய 18-வது மாதத்தில், ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் குப்பத்தைப் பற்றி நீண்ட கட்டுரை வந்தது. எழுதிய இருவரில் ஒருவரான டெப்ரா டன், ஹெச்.பி.யின் உயர் அதிகாரி. மறு ஆண்டு சி.கே. பிரகலாதின் புத்தகம் வந்தது: பிரமிடின் அடித்தட்டில் இருக்கும் கோடிக்கணக்கான ஏழைகளே நாளைய சந்தை என்று வாதிட்டது. சென்னை லயோலாவில் படித்த அவர் சொன்னதை உலகமே கேட்டது. அதே 2004-ல் நாயுடு ஆட்சியை இழந்தார். 2005 பிப்ரவரியில் ஹெச்.பி.யின் தலைவர் கார்லி ஃபியோரினா பதவியை விட்டுப் போனார். மூன்றாண்டுக் கெடுவும் முடிந்தது. பெரிய கம்பெனியின் கவனம் வேறு பக்கம் திரும்பியது. பின்னர் குப்பத்தைக் களமாகக் கொண்டு ஆராய்ந்த மானுடவியலாளர் அன்கே ஷ்விட்டே 2008-ல் வெளியிட்ட கட்டுரைக்கு, கம்பெனியே பயன்படுத்திய 'உயிருள்ள பரிசோதனைக்கூடம்' என்ற சொல்லையே தலைப்பாக்கினார். பரிசோதனைக்கூடத்தில் யார் எலி என்று விளக்க வேண்டியதில்லை. புகழ்ந்து எழுதும் கட்டுரை திட்டம் முடிவதற்குள் வந்துவிடுகிறது. ஆராய்ச்சி எல்லோரும் மூட்டை கட்டிய பிறகு வருகிறது.

அந்தப் போட்டோகிராபர் பெண்கள் வந்த குழுக்கள் வேறு கதை. ஆந்திராவில் இவற்றை இன்றும் 'ட்வாக்ரா' என்றுதான் சொல்கிறார்கள்; 1982-ல் வந்த ஒரு மத்திய அரசுத் திட்டத்தின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. 2000-ல் உலக வங்கிப் பணத்தில் 'வெலுகு' என்ற வறுமை ஒழிப்புத் திட்டம் ஆறு பின்தங்கிய மாவட்டங்களில் தொடங்கியபோது சித்தூர் அதில் ஒன்று. வெலுகு என்றால் வெளிச்சம். பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு குழு, குழுக்கள் சேர்ந்து கிராம சங்கம், அதற்கு மேல் மண்டல சமாக்யா. முதலில் சேமிப்பு, பிறகு தங்களுக்குள் கைமாற்று, அதற்கும் பிறகு வங்கிக் கடன். மெதுவாக நகரும் வண்டி.

வேகமான வண்டி வேறொன்று ஓடியது. 1997-ல் விக்ரம் அகுலா தொண்டு நிறுவனமாகத் தொடங்கிய எஸ்.கே.எஸ்., ஸ்பந்தனா, ஷேர் போன்ற குறுங்கடன் நிறுவனங்கள் ஆந்திராவிலிருந்துதான் கிளம்பின. ஜாமீன் வேண்டாம், பத்திரம் வேண்டாம். ஐந்து பெண்கள் சேர்ந்தால் போதும். வாரம் ஒரு கூட்டம், வாரம் ஒரு தவணை. பத்தாயிரம் ரூபாய் வாங்கி, 12 சதவீத நேர் வட்டியோடு 50 வாரத்தில் கட்டுவதானால் வாரம் 224 ரூபாய். தண்டல்காரரோடு ஒப்பிட்டால் தர்மம்போலத் தெரியும். ஆனால் அசல் வாரா வாரம் குறைந்துகொண்டே வருவதால் கடன்காரியின் கையில் சராசரியாக நிற்பது பாதிப் பணம்தான். உண்மை வட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்தக் கணக்கைக் கூட்டத்தில் யாரும் போட்டுக் காட்டவில்லை.

வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குக் காட்டப்பட்டது வேறோர் எண்: 99. நூறு ரூபாய்த் தவணையில் 99 ரூபாய் திரும்பி வருகிறது. ஏழை நாணயமானவள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கடன் அவளுக்குப் பலன் தராவிட்டால் எப்படிக் கட்டுவாள்? இந்த வாதம் எல்லோருக்கும் பிடித்துப்போனது. 2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். பங்குச் சந்தைக்கு வந்தது. 985 ரூபாய்க்கு விற்ற பங்கை வாங்கப் போட்டா போட்டி. சுமார் 1,650 கோடி ரூபாய் திரண்டது.

பட்டியலிடப்பட்டு இரண்டே மாதத்தில், அக்டோபர் மத்தியில், ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. மாநிலத்தில் கடன் தொல்லையால் தற்கொலைகள் என்று செய்திகள் வந்துகொண்டிருந்த நேரம். ஒவ்வொரு நிறுவனமும் மாவட்டத்தில் பதிவு செய்ய வேண்டும், வாரத் தவணை கூடாது, வீட்டு வாசலில் நின்று வசூலிக்கக் கூடாது என்றது சட்டம். அவ்வளவுதான், வசூல் மடமடவெனச் சரிந்தது. கட்டாதே என்று அரசியல்வாதிகள் மேடை போட்டுச் சொன்னதும் ஒரு காரணம். கடன் கொடுத்தவர்கள் இன்றும் அதை மட்டும்தான் சொல்கிறார்கள். ஆனால் 99 என்ற எண் உண்மையில் எதை அளந்தது என்பது அப்போதுதான் வெளிச்சமானது. ஒரு நிறுவனத்துக்குக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் கடன். அதைக் கட்ட மூன்றாவது. சங்கிலி அறாதவரை மூன்று நிறுவனங்களின் பேரேட்டிலும் 99 சதவீதம் அழகாகவே இருக்கும். அடுத்த கடன் கிடைக்கும் என்ற நம்பிக்கையும், பக்கத்து வீட்டுக்காரி முன்னால் தலை குனியக் கூடாதென்ற மானமும்தான் அந்த எண். அதில் அவளது வருமானம் எங்கும் இல்லை.

அவள் வீட்டுக்கே போய் எண்ணிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் ஸ்பந்தனாவோடு பேசி ஹைதராபாத்தில் 104 குடியிருப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கல் முறையில் பாதியில் மட்டும் கடன் கிளை திறந்தது. மீதிப் பாதி ஒப்பிடுவதற்கு. ஒன்றரை ஆண்டு கழித்தும், அதற்குப் பின்னும் வீடு வீடாகக் கேட்டார்கள். ஏற்கனவே கடை வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். வீட்டுச் சாமான்கள் கூடின. டீ, வெற்றிலை பாக்கு போன்ற சில்லறைச் செலவு குறைந்தது. ஆனால் மொத்தக் குடும்பச் செலவு கூடவில்லை. பிள்ளைகள் படிப்பிலும், ஆரோக்கியத்திலும், வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பிலும் மாற்றம் தெரியவில்லை. 'குறுங்கடன் அற்புதமா?' என்று கேள்விக்குறி போட்ட தலைப்போடு அந்த ஆய்வு 2015-ல் முழுமையாக அச்சேறியது. நான்காண்டில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மெதுவான வண்டி என்ன ஆனது? ஆந்திரக் குழுக்களை உலக வங்கிக்காக ஆராய்ந்த கிளாஸ் டைனிங்கரும் யான்யான் லியூவும் சொன்னது சுவையானது. ஆரம்ப ஆண்டுகளில் வருமானமோ சொத்தோ கூடவில்லை. சாப்பாடும் பெண்களின் தைரியமும் கூடின. சீக்கிரமே குழுவில் சேர்ந்து நீண்ட நாள் இருந்தவர்களிடம் மட்டும் பின்னால் செலவழிக்கும் சக்தியும் சொத்தும் கூடியிருந்தன. 18-வது மாதத்தில் அளந்திருந்தால் இதைத் தோல்வி என்று எழுதியிருப்பார்கள். அதே 18-வது மாதத்தில் குப்பத்தை வெற்றி என்று எழுதினார்கள். ஐந்து அல்லது ஏழு ஆண்டில் லாபத்தோடு வெளியேற வேண்டிய முதலீட்டு நிதிக்கு ட்வாக்ரா பெண்களின் கடிகாரம் ஒத்துவருவதில்லை.

இன்னொரு பாடம் யாரும் எதிர்பார்க்காத திசையிலிருந்து வந்தது. ஆந்திர அவசரச் சட்டத்தால் அடிபட்ட நிறுவனங்கள், பணமில்லாமல் மற்ற மாநிலங்களிலும் கடனைச் சுருக்கின. அங்கே என்ன நடந்தது என்று எமிலி பிரேசாவும் சிந்தியா கின்னனும் பார்த்தார்கள். அப்படிச் சுருங்கிய மாவட்டங்களில் தினக்கூலி குறைந்திருந்தது. குடும்ப வருமானமும் செலவும் குறைந்திருந்தன. 2021-ல் வந்த இந்த ஆய்வு, முன்னதை மறுப்பதுபோலத் தோன்றினாலும் மறுக்கவில்லை. கடன் வாங்கியவளின் வீட்டில் பெரிதாகத் தெரியாத பலன், அவள் சிறு தொழிலுக்குக் கூலியாள் வைப்பதாலும் ஊரில் பணம் புழங்குவதாலும், கடனே வாங்காத பக்கத்து வீட்டுக் கூலிக்காரனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவன் பெயர் எந்த நிறுவனத்தின் பேரேட்டிலும் கிடையாது.

ரிசர்வ் வங்கி மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வந்திருக்கிறது. 2022 மார்ச்சில் வெளியிட்ட விதிப்படி, ஒரு குடும்பம் கட்டும் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடன் கொடுப்பவர் தன் வசூலை அல்ல, வாங்குபவளின் வருமானத்தை முதலில் அளக்க வேண்டும். கூலியும் பாலும் மாங்காயும் கலந்த ஒரு சித்தூர் குடும்பத்தின் மாத வருமானம் இன்னதென்று எழுதுவது எத்தனை சிரமம் என்பது வேறு விஷயம்.

பங்குச் சந்தையிலும் புதிய கதவு திறந்தது. 2019 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட சமூகப் பங்குச் சந்தையில், 2023 டிசம்பரில் பெங்களூரைச் சேர்ந்த உன்னதி அறக்கட்டளை முதலாவதாகப் பட்டியலானது, திரட்டியது 1.8 கோடி ரூபாய். இளைஞர்களுக்குத் தொழில் பயிற்சி தரும் அமைப்பு அது. அந்தப் பத்திரத்தை வாங்கினால் வட்டியும் வராது, அசலும் வராது. திருப்பதி உண்டியலுக்குப் பழகிய நாட்டுக்கு இதில் புதுமை இல்லை. பணம் என்ன பலன் தந்தது என்று ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும், அதைச் சமூகத் தாக்க மதிப்பீட்டாளர் சரிபார்க்க வேண்டும் என்பதுதான் புதிது. குபேரனுக்கே கிடைக்காத வசதி.

இந்த அளவெடுக்கும் வித்தைக்கு இப்போது இதே வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிறது. சென்னையில் 1970-ல் தொடங்கிய நிதி மேலாண்மை ஆய்வு நிறுவனம், ஐ.எஃப்.எம்.ஆர்., இப்போது கிரியா பல்கலைக்கழகத்தின் அங்கமாக ஸ்ரீசிட்டியில் இயங்குகிறது. பானர்ஜி, டுஃப்லோ தொடங்கிய ஜே-பால் ஆய்வு மையத்தின் தெற்காசியக் கிளைக்கு 2007-ல் இடம் கொடுத்ததும் இதே நிறுவனம்தான். தடாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் சிறிது தூரம். ஏழைக்குப் போகும் பணத்தை எப்படி அளப்பது என்று படிக்க வருகிறவர்கள், அளக்கப்படுகிறவர்களின் ஊர்களுக்கு நடுவிலேயே தங்குகிறார்கள்.

ஆனால் ஸ்ரீசிட்டியில் பெரிய விஷயம் பல்கலைக்கழகம் அல்ல, தொழிற்சாலைகள். 2008 வாக்கில் உருவாகத் தொடங்கிய இந்த நகரத்தில் ஃபாக்ஸ்கான் 2015-லிருந்து செல்போன் பூட்டுகிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். திருப்பதி பக்கத்தில் கரகம்பாடியில் 1985-ல் கல்லா ராமச்சந்திர நாயுடு தொடங்கிய அமர ராஜா பேட்டரித் தொழிற்சாலையும் அப்படித்தான்: சமூகப் பலன் என்ற பேச்சு நாகரிகமாவதற்கு வெகு முன்பே கிராமத்து இளைஞர்களுக்கு மாதச் சம்பளத்தைக் காட்டியது. தொழிற்சாலைகள் எல்லாம் நல்லவை என்பதல்ல. இரவு ஷிப்ட், ஒப்பந்த வேலை, ஹாஸ்டல் அறை என்று இங்கும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. அவற்றை வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும் வேலையும் பாக்கி இருக்கிறது.

ஷிப்ட் மாறும் நேரத்தில் ஸ்ரீசிட்டி வாசல்களில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. கழுத்தில் அடையாள அட்டை தொங்க இளம்பெண்கள் ஏறுகிறார்கள். அம்மாக்கள் இன்னும் ட்வாக்ரா குழுக்களில் இருக்கிறார்கள். தவணை தேதி மாதா மாதம் வருகிறது. சத்தியவேடு, நாகலாபுரம் பக்கத்துக் கிராமங்களில் பஸ் நின்று இறக்கிவிடும் நேரத்தில், சாயங்காலப் பாலை ஊற்றிவிட்டு மெஷின் தந்த சீட்டோடு பெண்கள் வீடு திரும்பிக்கொண்டிருப்பார்கள்.